உழைப்பும் இசையும்: ‘பிளக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டுப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கலை வரலாற்றை எழுதுவோர் அடிக்கடி கையாளும் சொற்களுள் ‘தாக்கம்’ என்பதும் ஒன்றாகும். ஒரு கலைஞர் இன்னாரிடமிருந்து இன்னதைப் பெற்றார் எனப் பட்டியலிட்டுவிட்டால் ஆய்வுப் பணி முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு, இலக்கிய ஆராய்ச்சியிற் போலவே இசையாராய்ச்சியிலும் காணப்படுகின்றது. பெற்றவர் எத்தகைய வாழ்நிலையில் நின்று பெற்றார், பெற்றதில் எதனைத் தள்ளினார், எதனை மாற்றினார், அம்மாற்றத்தை வேண்டிநின்ற சமூக நிலைமை யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து, ‘தாக்கம்’ என்பது விளக்கமாகாது. விளக்கப்பட வேண்டிய ஒன்றாகவே எஞ்சிநிற்கும்.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற சான்றுகளுள் ஒன்று, 1970 பெப்ரவரி 13 ஆந் திகதி இங்கிலாந்தில் வெளிவந்த ‘பிளக் சபத்’ என்னும் நீளிசைத்தட்டாகும். பேர்மிங்ஹாம் நகரின் அஸ்ரன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் தட்டு இது. ரொனி அயோமி (கிற்றார்), கீசர் பட்லர் (பேஸ் கிற்றார்), பில் வோர்ட் (ட்றம்ஸ்), ஓசி ஒஸ்போண் (குரல்) ஆகிய நால்வரும் 1948, 1949 ஆம் ஆண்டுகளிற் பிறந்தவர்கள். தட்டுப் பதிவாகியபோது இருபது, இருபத்தொரு வயதினர். பிற்காலத்தில் ‘ஹெவி மெற்றல்’ எனப் பெயர்பெற்ற இசைவகையின் தொடக்கமாக இத்தட்டினைக் கொள்வது இன்று பெருவழக்காகும்.

இத்தகைய இசையை நோக்கும் முறையில் இருவகைப் பிழைகள் நேர்ந்துள்ளன. இதனை முதலாளித்துவச் சமூகத்தின் சீரழிவுக் கலையென்று கேளாமலே ஒதுக்கிவிடும் பழக்கம் முற்போக்காளர் சிலரிடையே இருந்து வந்துள்ளது. மறுபுறத்தில், இசைச் சந்தையைச் சார்ந்து எழுதுவோர், தனிமனித மேதைமையையும் சாத்தான் வழிபாடு பற்றிய கட்டுக்கதைகளையும் கொண்டே இதனை விளக்க முற்பட்டுள்ளனர். முன்னது வரலாற்றை மறுக்கின்றது. பின்னது வரலாற்றை மறைக்கின்றது. இத்தட்டு தன் முன்னோடிகளிடமிருந்து பெற்றவற்றையும் அவற்றுக்கு நேர்ந்த மாற்றங்களையும் அக்கால உழைப்பு நிலைமைகளோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பேர்மிங்ஹாம் ஈழத்துத் தமிழ் ஆய்வாளருக்குப் புதிய பெயரன்று. பேராசிரியர் க. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் தத்தம் கலாநிதிப் பட்ட ஆய்வினை அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே, கிரேக்க மொழிப் பேராசிரியராகவிருந்த ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் மேற்கொண்டனர். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய கைலாசபதியின் ஆய்வு 1968 இல் நூலுருப் பெற்றது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வுக்காகச் சிவத்தம்பி கலாநிதிப் பட்டம் பெற்றது 1970 இலாகும். இங்கு ஆராயப்படும் இசைத்தட்டு வெளிவந்த ஆண்டும் அதுவே.

கலையின் தோற்றத்தை உழைப்போடு தொடர்புபடுத்தியவர் தொம்சன். ‘மாக்சியமும் கவிதையும்’ என்னும் சிறு நூலில், கூட்டுழைப்பின் அசைவுகளிலிருந்தே தாளமும் பாட்டும் தோன்றின என அவர் வாதித்தார். அயர்லாந்தின் மேற்குக்கரை மக்களிடையே அவர் நேரிற் கண்டறிந்த வாய்மொழி மரபு இவ்வாதத்துக்கு உரமூட்டிற்று. அவருடைய துணைவியார் கதரின் தொம்சன் 1940 இல் பேர்மிங்ஹாமிலே ‘கிளேரியன்’ பாடகர் குழுவை நிறுவித் தொழிலாளரிடையே இசைப்பணி புரிந்தார்.

நெற்குத்தும் பெண்ணுக்கும் ஓடம் வலிப்பவனுக்கும் தாளம் தன் உடலிலிருந்தே பிறக்கின்றது. தொழிற்சாலையிலோ தாளத்தை இயந்திரம் விதிக்கின்றது; உழைப்பவரின் குரல் அவ்வோசையில் அமிழ்ந்துபோகின்றது. அவ்வாறாயின், இயந்திர யுகத்தில் உழைப்புக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு முற்றாக அறுந்துபோயிற்றா? தொம்சனின் கோட்பாடு எழுப்பும் இவ்வினாவுக்கு ஒரு விடை, அவர் கற்பித்த பல்கலைக்கழகத்திலிருந்து சில மைல்களுக்கு அப்பால், அஸ்ரனிலே உருவாகிக்கொண்டிருந்தது எனலாம்.

பேர்மிங்ஹாம் ‘ஆயிரந் தொழில்களின் நகரம்’ எனப் பெயர்பெற்றது. துப்பாக்கி, மோட்டார் வண்டி, மின்சாதனம், பேனா முனை முதலிய உலோகப் பண்டங்களின் உற்பத்தி அதன் உயிர்நாடியாக விளங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியக் குண்டுவீச்சால் இங்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போருக்குப் பின்னர் பிறந்த சிறுவர்கள் குண்டு விழுந்த வெற்றிடங்களிலேயே விளையாடி வளர்ந்தனர். ஒஸ்போணின் தந்தையார் ஜி.ஈ.சி. தொழிற்சாலையில் இரவுவேளையிற் பணிபுரிந்த கருவி செய்வோர். தாயார் மோட்டார் உதிரிப்பாகங்கள் செய்யும் லூக்கஸ் தொழிற்சாலைப் பணியாளர். ஒஸ்போணும் அதே லூக்கஸ் தொழிற்சாலையிலே மோட்டார் ஒலிப்பான்களின் சுருதியைச் சரிபார்க்கும் வேலையிற் சில காலம் இருந்தார். பின்னர் இறைச்சிக்காக விலங்குகளை வெட்டும் கூடத்திலும் பணிபுரிந்தார். பட்லர் தொழிற்சாலையொன்றின் கணக்குப் பிரிவில் இருந்தவர். அயோமி உலோகத் தகட்டுத் தொழிலாளி.

இவ்விபரங்களிலிருந்து, தொழிற்சாலைச் சம்மட்டியின் ஓசையே இக்குழுவின் இசையாயிற்று என்னும் எளிய முடிவுக்குப் பலர் வந்துள்ளனர். இது கவர்ச்சியான உவமை, விளக்கமன்று. அதே பேர்மிங்ஹாமிலிருந்து வந்த ‘மூடி புளூஸ்’ குழு, 1967 இல் பல்லியக் குழுவொன்றின் துணையோடு மென்மையான நீளிசைத்தட்டொன்றை வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார் நகரான டெற்றொயிற்றிலே, ஒருகாலத்தில் மோட்டார்ப் பொருத்து நிரையிற் பணிபுரிந்த பெரி கோர்டி என்னும் கறுப்பினத்தவர் ‘மோட்டவுண்’ நிறுவனத்தைத் தொடங்கி, இனிமையும் ஒழுங்கும் மிக்க நடனப் பாடல்களை உற்பத்தி செய்தார். ஒரேவகைத் தொழிற்சாலை ஓசை வெவ்வேறு இசைகளோடு உடனிருந்துள்ளது. ஆகவே ஓசை தானாகவே இசையாவதில்லை. பொருளாதார அடித்தளத்துக்கும் கலைவடிவத்துக்கும் இடையே பல இணைப்புக் கண்ணிகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிவதே ஆய்வாளன் கடன்.

3

முதற் கண்ணி மரபு. இன்று ‘கிளாசிக் றொக்’ எனப்படுவது, 1980களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பழைய பாடல்களைத் தொகுத்து ஒலிபரப்புவதற்கு வகுத்துக்கொண்ட விளம்பரப் பெயராகும். 1969 இல் இவ்விளைஞர்களின் முன் இருந்தது செவ்வியல் மரபன்று. அன்றாடம் மாறிக்கொண்டிருந்த ஒரு நிகழ்கால இசை. பிற்காலப் பெயரை முற்காலத்தின் மீது ஏற்றிக் காண்பது வரலாற்றுணர்வுக்கு மாறானது.

அந்நிகழ்கால இசையின் வேர் புளூஸ் ஆகும். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் குத்தகை வாரத்திலும் கடனிலும் கட்டுண்டு கிடந்த அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளரின் இசை அது. வயல்களிலும் சிறைப் பண்ணைகளிலும் பாடப்பட்ட தொழிற்பாட்டுக்களோடு உறவுடையது. பருத்தித் தோட்டத்திலே வேலைசெய்த மடி வோட்டர்ஸ் 1943 இல் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்து சென்று, மின்கிற்றாரைக் கொண்டு கிராமிய புளூசை நகர இசையாக்கினார். 1958 இல் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் ஜோன் மயோல், யார்ட்பேர்ட்ஸ் முதலியோர் வழியாகப் புளூஸ் ஆங்கில இளைஞரின் இசையாயிற்று. எரிக் கிளப்ரன், ஜக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோர் 1966 இல் அமைத்த ‘கிறீம்’ குழுவே இப்போக்கின் உச்சம் எனலாம்.

பிளக் சபத் குழுவினர் 1968 இற் கூடியபோது அவர்களும் ஒரு புளூஸ் குழுவினரே. அவர்களது முதற் பெயரிலேயே புளூஸ் என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. பின்னர் ‘ஏர்த்’ எனப் பெயர்மாற்றி, பேர்மிங்ஹாமில் ஜிம் சிம்சன் நடத்திய ‘ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்’ என்னும் மதுச்சாலை மன்றில் இசைத்தனர். சிம்சனே அவர்களின் முதல் முகாமையாளருமானார். வோர்ட் ஜீன் குறூபா முதலிய ஜாஸ் வாத்தியக்காரரைக் கேட்டு வளர்ந்தவர். பட்லரின் இலட்சியம் கிறீமின் ஜக் புரூஸ். ஒஸ்போணைப் பாட்டின்பாற் செலுத்தியது பீற்றில்ஸ். அயோமி ‘ஷடோஸ்’ குழுவின் கிற்றார் இசையிற் பயின்றவர்.

இக்கடன்கள் தட்டிலே வெளிப்படையாகத் தெரிகின்றன. அதன் இரு பாடல்கள் பிறருடையவை. ‘ஈவில் வூமன்’ அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் குழுவான ‘குறோ’வினுடையது, ‘வோர்ணிங்’ ஏன்ஸ்லி டன்பரின் புளூஸ் குழுவினுடையது. ‘த விசாட்’ பாடலில் ஒஸ்போண் வாசிக்கும் ஹார்மோனிக்கா புளூஸ் மரபின் நேர் வாரிசு. ‘என்.ஐ.பி.’ பாடலின் அடிப்படைத் தொடர், கிறீமின் புகழ்பெற்ற பாடலொன்றை நினைவூட்டுவதைக் கேட்போர் எளிதில் உணர்வர். இதனாலேயே 1970 இல் ‘றோலிங் ஸ்ரோன்’ இதழில் மதிப்புரை எழுதிய லெஸ்ரர் பாங்ஸ், இதனைக் கிறீமின் தரங்குறைந்த போலி என்று தள்ளினார்.

பாங்ஸ் கேட்டது பிழையன்று. கேட்டு முடித்த இடமே பிழை. கடனைக் கண்டவர், கடன்பட்ட பொருளுக்கு நேர்ந்த மாற்றத்தைக் காணவில்லை. கிறீமின் இசையிலே ‘றிஃப்’ எனப்படும் குறுந்தொடர், அதாவது சில சுரங்களாலமைந்து திரும்பத் திரும்ப இசைக்கப்படும் துணுக்கு, தனிமனிதக் கற்பனைப் பறப்புக்கான ஏவுதளமாக இருந்தது. பிளக் சபத்தின் முதற் பாடலிலே அத்தொடரே பாடலின் உடலாகிவிடுகின்றது. கிற்றாரும் பேஸ் கிற்றாரும் ஒரே வரியை ஒருங்கே இசைக்கின்றன. வேகம் நடைப்பிணத்தின் நடைபோலத் தளர்கின்றது. புளூசின் பன்னிரு அளவைச் சுற்று மறைகின்றது. அச்சுற்று அளித்துவந்த, வீடு திரும்பும் ஆறுதலும் உடன் மறைகின்றது. எஞ்சுவது மூன்றே சுரங்கள்: ஆதார சுரம், அதன் மேற்ஸ்தாயி, பின்னர் அவ்வாதாரத்தின் பிரதி மத்தியமம்.

இவ்விடைவெளி பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஐரோப்பிய இசைநூலாரால் ‘இசையிற் சாத்தான்’ என அழைக்கப்பட்ட இதனை இடைக்காலத் திருச்சபை தடைசெய்திருந்தது என்பது பரவலான செய்தி. அத்தகைய தடைக்குச் சான்றில்லை. அப்பெயர்கூடப் பதினெட்டாம் நூற்றாண்டளவிலேயே நூல்களிற் காணப்படுகின்றது. கருநாடக இசையின் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி பிரதி மத்தியமத்தைக் கொண்டவை. மங்கலமான கல்யாணியும் அவற்றுள் ஒன்று. ஆகவே அச்சம் அச்சுரத்தில் இல்லை. அதனை அச்சமாகக் கேட்கப் பயின்ற சமூகத்திலேயே உள்ளது. அயோமி இத்தொடரை அமைப்பதற்குச் சற்று முன்னர், பட்லர் ஹோல்ஸ்ற் என்னும் ஆங்கில இசையமைப்பாளரின் ‘கிரகங்கள்’ தொகுதியிலுள்ள ‘செவ்வாய்’ப் பகுதியை இசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பர். அது 1914 இல் இயற்றப்பட்ட போர்த்தேவனின் இசை. போரின் இடிபாடுகளில் வளர்ந்த இளைஞர் அதனைத் தேர்ந்துகொண்டது தற்செயலெனக் கொள்வதற்கில்லை.

4

இரண்டாவது கண்ணி கை. பதினேழாவது வயதில், தொழிற்சாலையில் தம் கடைசி நாளன்று, வழக்கமாக இயந்திரத்தை இயக்குபவர் வாராமையால் அயோமி அதில் நிறுத்தப்பட்டார். அவ்வியந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் தந்திகளை அழுத்தும் கையே ஊனமுற்றது. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர், தீ விபத்தால் இருவிரல்கள் செயலிழந்த பின்னரும் தலைசிறந்து விளங்கிய ஜாஸ் கிற்றார்க் கலைஞர் ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றை அவருக்குக் கொடுத்தார்.

அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறைகள் செய்தார். அவற்றின் மேல் தோற்றுண்டு ஒட்டினார். தடித்த தந்திகளை அழுத்த இயலாமையால் பஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பல விரல்கள் வேண்டும் நிறைவான சுரக்கூட்டுக்களைத் தவிர்த்து, இரண்டு மூன்று தந்திகளில் அமையும் எளிய கூட்டுக்களை நாடினார். அவை மின்பெருக்கியின் வழியே உரத்தும் உறுமியும் ஒலித்தன. அவரது கிற்றாரின் தனித்தன்மை எனப்படுவதன் பெரும் பகுதி இவ்வகையில் உருவானதே. தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதே முதற் தட்டின் கனத்துக்குக் காரணம் எனச் சிலர் எழுதுவர். அது சரியன்று, சுருதியிறக்கம் 1971 இல் வந்த மூன்றாவது தட்டிலேயே தெளிவாகத் தொடங்குகின்றது. முதற் தட்டின் கனம் சுருதியில் இல்லை. அதனை இசைத்த முறையில் உள்ளது.

‘உழைப்பு இசையைப் பாதித்தது’ என்னும் பொதுக்கூற்று இங்கு உடல்பெறுகின்றது. மூலதனம் தொழிலாளியிடமிருந்து உழைப்புச் சக்தியை மாத்திரம் வாங்குவதில்லை. சில வேளைகளில் அவன் உடலின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்கின்றது. எனினும் கதை அதனோடு முடியவில்லை. பொருளை உருக்கி, வடித்து, ஒட்டிப் பயன்படுத்தும் திறன் ஓர் உலோகத் தொழிலாளியின் திறன். தொழிற்சாலையிலே பிறருக்குச் சொந்தமாயிருந்த அத்திறனைத் தன் விரலுக்கு உறை செய்வதில் அயோமி தனக்கே சொந்தமாக்கிக் கொண்டார். இளமைக்கால மாக்ஸ் அந்நியமாதல் எனக் குறித்த நிலைக்கு எதிரான சிறியதொரு செயலாகவும் இதனைக் கொள்ளலாம். ஊனம் தானாகவே கலையை ஆக்கவில்லை. ஊனத்துக்கு எதிரான உழைப்பே ஆக்கியது.

5

மூன்றாவது கண்ணி நேரம். 1968 டிசெம்பரில் அயோமி சிறிது காலம் ‘ஜெத்றோ ரல்’ குழுவிற் சேர்ந்திருந்தார். திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்த முக்கிய பாடம் இசைநுட்பமன்று, வேலையொழுங்கு. அதன்பின் குழுவினர் காலை ஒன்பது மணிக்கே பயிற்சிக்குக் கூடினர். தொழிற்சாலையிலிருந்து தப்பிவந்தோர் தொழிற்சாலை நேரத்தையே தம் விடுதலைக்குரிய கருவியாக்கியமை சிந்தனைக்குரியது.

1969 இல் ஹம்பேர்க் நகரின் ‘ஸ்ரார் கிளப்’ முதலிய இடங்களில் நாளொன்றுக்குப் பல தடவை மேடையேறவேண்டியிருந்தது. பாடல்கள் சிலவே, நிரப்பவேண்டிய நேரமோ நீண்டது. எனவே ஒவ்வொரு பாடலும் நீட்டப்பட்டது. இடையிடையே தன்னியல்பாக இசைக்கும் பகுதிகள் வளர்ந்தன. தட்டின் இரண்டாம் பக்கத்தில் பத்து நிமிடங்களுக்கும் மேலாக நீளும் ‘வோர்ணிங்’ பாடலில் அயோமியின் தனிக் கிற்றார்ப் பகுதி, இக்கூலி நேரத்தின் எச்சமே. அழகியல் நோக்கிற் ‘சோதனை முயற்சி’ எனப் புகழப்படும் கூறு, வேலை நிலைமையிலிருந்து பிறந்த தேவையாக இருந்துள்ளது.

ஒலிப்பதிவு இதற்கு மாறானது. 1969 ஒக்ரோபர் 16 ஆந் திகதி இலண்டன் றீஜென்ற் சவுண்ட் நிலையத்தில், நான்கு தடங்கள் மாத்திரமே கொண்ட கருவியில், ஒரே நாளில் முழுத் தட்டும் பதிவாயிற்று. தயாரிப்பாளர் றொட்ஜர் பெயின். குழுவினர் மேடையில் இசைப்பதுபோலவே ஒருங்கே இசைத்தனர். தவறுகளைத் திருத்த நேரமுமில்லை, பணமுமில்லை. தொடக்கத்தில் ஒலிக்கும் மழையும் இடியும் ஆலயமணியும் பின்னர் தயாரிப்பாளராற் சேர்க்கப்பட்டவை. 1967 இல் பீற்றில்ஸ் ஒரு தட்டுக்குப் பல மாதங்கள் செலவிட்டதை இதனோடு ஒப்பிட்டால், ‘முரட்டுத்தன்மை’ என்று இரசிகர் போற்றும் பண்பு பெருமளவுக்கு வறுமையின் ஒலியென்பது புலனாகும்.

6

நான்காவது கண்ணி சந்தை. தட்டினை வெளியிட்ட ‘வேர்ட்டிகோ’, பிலிப்ஸ் பெருநிறுவனத்தின் கிளைப்பெயராகும். 1960களின் இறுதியில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள், இளைஞரின் எதிர்ப்புப் பண்பாட்டையும் விற்பனைச் சரக்காக்கும் நோக்கில் இத்தகைய புதுப்பெயர்களை உருவாக்கின.

குழுவின் பெயர், இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 1963 ஆம் ஆண்டுத் திகிற்படமொன்றின் ஆங்கிலப் பெயர். மக்கள் அச்சமடைவதற்காகப் பணம் செலுத்தித் திரையரங்குக்குச் செல்கின்றார்களே, அத்தகைய இசையை நாமும் ஆக்கினாலென்ன என்று அவர்கள் எண்ணியதாகக் கூறுவர். தட்டின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையொன்று அச்சிடப்பட்டது. அது குழுவினரைக் கேளாமலே செய்யப்பட்டதாகும். முதற் பாடலிலோ சாத்தானை வழிபடுபவன் பேசவில்லை. தன் முன் நிற்கும் இனந்தெரியாத உருவத்தைக் கண்டு அஞ்சி ஓடுபவனே பேசுகின்றான். அச்சத்தின் அனுபவம் குழுவினருடையது. அச்சத்தை வழிபாடாக்கி விற்றது சந்தை.

இதனினும் முக்கியமானது ‘விக்கட் வேர்ல்ட்’ பாடலின் கதி. போரையும் வறுமையையும், பிறரைச் சாக அனுப்பும் அரசியல்வாதிகளையும், பிள்ளைக்குச் சோறிட ஓயாது உழைக்கும் பெண்ணையும் நேரடியாகப் பேசும் பாடல் அது. அக்காலப் பதிவுகளுள் சமூக விமரிசனம் மிக வெளிப்படையாக அமைந்தது அதுவே. பிரித்தானியத் தட்டில் அதற்கு இடமளிக்கப்படவில்லை. பிறர் பாடலான ‘ஈவில் வூமன்’, விற்பனையை எண்ணித் தனிப்பாடலாக வெளியிடப்பட்டபோது, அதன் பின்பக்கத்தில் இது இடம்பெற்றது. அமெரிக்கப் பதிப்பிலேயே இது நீளிசைத்தட்டிற் சேர்ந்தது. ஆங்கிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தம் வாழ்வைப் பற்றிப் பாடிய பாட்டு, அவர்தம் நாட்டுத் தட்டிலேயே இல்லாது போயிற்று.

ஆயினும் தட்டு விற்பனையானது. பிரித்தானியப் பட்டியலில் எட்டாம் இடத்தையும் அமெரிக்கப் பட்டியலில் இருபத்துமூன்றாம் இடத்தையும் அடைந்தது. விமரிசகர்களின் ஏளனத்துக்கும் வாங்கியோரின் வரவேற்புக்கும் இடையேயிருந்த இவ்விடைவெளி வர்க்க இயல்புடையது. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே 1964 இல் நிறுவப்பட்டு, ஸ்ருவார்ட் ஹோல் தலைமையிற் புகழ்பெற்ற சமகாலப் பண்பாட்டாய்வு மையம், தொழிலாளர் வர்க்க இளைஞரின் துணைப்பண்பாடுகளை ஆராய்ந்து 1970களின் நடுப்பகுதியில் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுதியிலேகூட, அதே நகரத்து இவ்விசைக்குத் தனிக் கட்டுரை இல்லை. முற்போக்கு அறிவாளரின் செவிக்கும் எல்லைகள் உண்டு.

7

இத்தட்டின் சார்பில் இவ்வளவும் கூறியபின் அதன் குறைகளையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது.

குழு உருவாகிய அதே 1968 இல், ஏப்ரல் 20 ஆந் திகதி, பேர்மிங்ஹாம் விடுதியொன்றிலேதான் ஈனக் பவல் குடிவரவாளருக்கு எதிரான தமது இழிபுகழ் பெற்ற உரையை நிகழ்த்தினார். அந்நகரைச் சூழ்ந்த உலோக வார்ப்பாலைகளில் மிகக் கடினமான வேலைகளைச் செய்தோர் பஞ்சாபியரும் பாகிஸ்தானியரும் மேற்கிந்தியருமே. கறுப்பின உழைப்பாளரின் இசையிலிருந்து பிறந்த இத்தட்டிலே, அயலில் உழைத்த அக்கறுப்பினத்தவரின் இருப்புக்கு அறிகுறியில்லை. இது இக்குழுவினர் இனவாதிகள் என்பதன்று. கடன் நினைக்கப்படாத ஒரு பண்பாட்டுச் சூழலை அவர்களும் பகிர்ந்துகொண்டனர் என்பதே. அச்சூழல் எங்கே கொண்டுசெல்லும் என்பதை 1976 ஓகஸ்ற் மாதம் காட்டிற்று. புளூஸ் இசையாற் பெயரும் பொருளும் ஈட்டிய கிளப்ரன், அதே பேர்மிங்ஹாமின் மேடையொன்றில் நின்று பவலை ஆதரித்தும் குடிவரவாளரை இகழ்ந்தும் பேசினார். அதற்கு எதிர்வினையாகவே ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ இயக்கம் தோன்றியது. 1978 இல் அவ்வியக்கத்தின் மேடையேறிய ‘ஸ்ரீல் பல்ஸ்’ குழு, அஸ்ரனுக்கு அடுத்துள்ள ஹான்ட்ஸ்வேர்த்தின் கறுப்பின இளைஞரது குழு. அவர்களது முதற் தட்டின் பெயரிலேயே தம் ஊர்ப்பெயரையும் புரட்சி என்னும் சொல்லையும் சேர்த்திருந்தனர். அருகருகேயிருந்த இரு பகுதிகளின் முதற் தட்டுக்களையும் ஒருங்கு வைத்துக் கேட்டாலன்றிப் பேர்மிங்ஹாம் தொழிலாளர் வர்க்கத்தின் முழுக்குரலையும் கேட்டவராகமாட்டோம்.

இரண்டாவது குறை, அச்சத்தை அவ்வர்க்கத்தின் முழு உணர்வாகக் கொள்வது. 1972 பெப்ரவரியில் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது, பேர்மிங்ஹாமின் சோல்ற்லி எரிபொருட் கிடங்கின் வாயிலை மூடுவதற்காக அந்நகரப் பொறியியற் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டு அணிவகுத்து வந்தனர், வாயில் மூடப்பட்டது. இசைத்தட்டு வந்து ஈராண்டுகளே கழிந்திருந்தன. தட்டிலே இனந்தெரியாத கரிய உருவின் முன் தனித்து நடுங்கும் மனிதனைக் காண்கின்றோம். சோல்ற்லியிலே எதிரியைப் பெயர்சொல்லி அறிந்து கூடிநின்ற மனிதரைக் காண்கின்றோம். அந்நியமாதலைத் தத்ரூபமாக ஒலிக்கச் செய்த கலை, அதனை வெல்லும் கூட்டுச் செயலைக் காணவில்லை. ஆயினும் வேதனையின் உண்மையான வெளிப்பாடு, போலி இன்பங்களை விற்கும் கலையைவிட உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. 1970 செப்ரெம்பரில் வந்த இரண்டாவது தட்டிலே, போரை நடத்தும் அதிகாரத்தினரை அவர்கள் வெளிப்படையாகவே சாடினர். அச்சம் தன் காரணத்தைத் தேடத் தொடங்கியதன் அறிகுறி அது.

8

2025 யூலை 5 ஆந் திகதி அஸ்ரனின் வில்லா பார்க் விளையாட்டரங்கில் நால்வரும் இறுதியாக ஒருங்கே மேடையேறினர். அம்மாதம் 22 ஆந் திகதி ஒஸ்போண் காலமானார். நகரம் அவருக்குப் பெருமரியாதை செய்தது. ஒருகாலத்தில் ஏளனத்துக்குள்ளான இவ்விசை இன்று பேர்மிங்ஹாமின் மரபுரிமைச் செல்வமாக முன்வைக்கப்படுகின்றது. 2023 செப்ரெம்பரில் பேர்மிங்ஹாம் ஆட நிறுவனம் இக்குழுவின் இசையைக் கொண்டு பலே நடனமொன்றை அரங்கேற்றிற்று. அதே மாதத்திலேதான் அந்நகரின் மாநகர சபை தன் வரவு செலவைச் சமப்படுத்த இயலாதென அறிவித்தது. தொடர்ந்து வந்த வெட்டுக்களில் நகரின் கலை நிறுவனங்களுக்கான நிதியும் அடங்கும். தொழிற்சாலைகள் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றின் வலி மரபுரிமையாகப் போற்றப்படுகின்றது. அவ்வலியை அனுபவித்தோரின் பேரப்பிள்ளைகள் கலை பயிலுவதற்கான வாய்ப்புக்களோ சுருங்குகின்றன.

எனவே ‘தாக்கம்’ பற்றிய வினாவுக்கு மீள்வோம். கிறீம், புளூஸ், ஹோல்ஸ்ற், திகிற்படம் என்னும் மூலங்கள் அக்காலத்து ஆங்கில இளைஞர் எவருக்கும் எட்டக்கூடியனவாகவே இருந்தன. அவற்றைப் புதியதோர் இசையாக்கியது ஒரு வெட்டுண்ட கை, ஒரு நாட் பதிவு, கூலிக்காக நீட்டப்பட்ட மேடை நேரம், காரணந் தெரியாது கனத்த ஓர் அச்சம். இவையாவும் ஒரு வர்க்கத்தின் வாழ்நிலையிலிருந்து வந்தவை. இயந்திரம் உழைப்பாளியின் பாட்டை விழுங்கிவிட்டது என்பது உண்மையே. ஆனால் விழுங்கப்பட்ட பாட்டு முற்றாக இறந்துபோவதில்லை. வேறொரு குரலில், சில வேளை நாம் கேட்க விரும்பாத குரலில், திரும்பி வருகின்றது. அதனைக் கேட்கச் செவியைப் பழக்குவது முற்போக்கு விமரிசனத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.